அப்பாவின் இடது கை

1

போன சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசல் மணி அடித்தது. தோசைக் கரண்டியோடு போய்க் கதவைத் திறந்தேன். இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவருக்கு அறுபது வயது இருக்கும். இன்னொருவருக்கு என் வயது, இருபத்தாறு. இரண்டு வாரத்துக்கு முன்பு வந்தவர்கள்தான். அன்று நான் எந்த மொழி பேசுகிறேன் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். நான் "தமிழ்" என்றதும் இளையவர் அதை நோட்டில் எழுத, என்னை இரண்டு முறை சொல்லவைத்தார்.

இப்போது மூத்தவர் தோல்பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். அட்டையில் தமிழ் எழுத்து. ஜெர்மனியில் இந்தச் சிறிய ஊருக்கு வந்த மூன்று ஆண்டுகளில் என் வீட்டு வாசலில் தமிழ் எழுத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கை தானாக நீண்டுவிட்டது. தலைப்பைப் படித்து, மதப் பிரசாரம் என்று தெரிந்ததும் இழுத்துக்கொண்டேன்.

என் ஜெர்மன் அலுவலகத்துக்குப் போதும், வாசற்படிக்குப் போதாது. இயந்திரங்களைச் சோதிக்கும் மென்பொருள் எழுதுவது என் வேலை, அங்கே தேவைப்படும் சொற்கள் நூறுக்குள் அடங்கிவிடும். 'எங்களுக்கென்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, நன்றி' என்று சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது 'எங்களிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது'. தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்க வருபவரிடம் சொல்கிற மாதிரி. மூத்தவர் சிரித்துவிட்டார். பிறகு கேட்டார்: "இனிமேல் வர வேண்டாமா?"

"வேண்டாம்."

இளையவர் நோட்டைத் திறந்து, எங்கள் வீட்டு எண்ணுக்கு நேராக ஏதோ எழுதினார். "குறித்துவிட்டோம். எங்களில் யாரும் இனி வர மாட்டார்கள்" என்றார். நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டு இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளே தோசை தீய்ந்து புகை வந்தது. நான் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தேன். என் அப்பாவுடைய 'வேண்டாம்' செல்லுபடியாக இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

2

அப்பா பெயர் கலியமூர்த்தி. கடலூரில் பத்திர எழுத்தர். முதுநகரில் வீடு. காலை ஒன்பதேகாலுக்கு டவுன் பஸ் பிடித்து மஞ்சக்குப்பம் போவார். பதிவு அலுவலகத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு மேஜை, இரண்டு பெஞ்சு, ஒரு மைப்பெட்டி. முப்பது வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்.

நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து கரும்புக்காரர்கள் நிலம் விற்க வருவார்கள். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அப்பா பத்திரத்தை முழுக்க அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுவார். பிறகு, "சம்மதமா?" என்பார். அவர்கள் தலையாட்டுவார்கள். அப்பா மைப்பெட்டியைத் திறக்க மாட்டார். "மண்டைய ஆட்டுனா ஆவாதுங்க. வாயத் தொறந்து சொல்லுங்க" என்பார். அவர்கள் சொன்ன பிறகுதான் விரலைப் பிடிப்பார். பள்ளி விடுமுறைகளில் நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு முறை ஒரு தாத்தா கோபித்துக்கொண்டார்: "ஏம்பா, நான் இன்னா கல்யாணத்துக்கா வந்துருக்கன், வாயத் தொறந்து சம்மதம் சொல்றதுக்கு?" அப்பா சிரிக்காமல், "அதுக்குக் கூட ரெண்டு தரம் கேக்கறாங்க. இது நெலம்" என்றார்.

பக்தியில் அவர் நடுத்தரம். நெற்றியில் மெலிதாகத் திருநீறு, பிரதோஷத்துக்குத் திருப்பாதிரிப்புலியூர் கோயில், வருடத்துக்கு ஒரு முறை ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம். யாரையும் கூட வரச் சொல்லி அழைத்ததில்லை. கடல் ஊருக்குள் வந்த 2004 டிசம்பருக்குப் பிறகு முதுநகரில் எல்லா நாட்டிலிருந்தும் உதவிக்கு வந்தார்கள். அப்பா மேஜையை மூடிவிட்டு, வீடு போனவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். உதவிக்கு வந்தவர்களில் சிலர் அரிசிப் பையோடு துண்டுப் பிரசுரமும் கொடுத்தார்கள். அப்பாவிடமும் ஒன்றை நீட்டினார்கள். அவர் நின்ற இடத்திலேயே நாலு பக்கத்தையும் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "படிச்சிட்டங்க. வேணாம்" என்றார். கொடுத்தவர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான்.

3

2007 ஆனித் திருமஞ்சனத்தன்று அப்பா சிதம்பரம் வந்தார். நான் அங்கே பொறியியல் கடைசி ஆண்டு, விடுதியில் இருந்தேன். தரிசனம் முடித்து, விடுதி வாயிலில் என்னிடம் முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுப் பஸ் நிலையம் போனவர், அங்கே கடலூர் வண்டிக்குக் காத்திருக்கையில் விழுந்துவிட்டார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின.

இருபத்திரண்டு நாள் சிதம்பரத்திலேயே ஆஸ்பத்திரியில் இருந்தார். பகலில் அம்மா, இரவில் நான், எனக்கு முடியாதபோது எஸ்தர்.

எஸ்தர் என் அறைத்தோழி. மங்கலம்பேட்டைக்காரி. அவள் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தும் என்னை ஒரு தடவைகூடச் சர்ச்சுக்குக் கூப்பிட்டதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி சாப்பிட மட்டும் கூப்பிட்டாள், போனேன். அந்த இருபத்திரண்டு நாளில் அவள் என் அப்பாவின் மூத்திரப் பையை முகம் சுளிக்காமல் மாற்றியிருக்கிறாள். இதை முதலில் எழுதிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படிக்கும்போது இது நினைவிருக்க வேண்டும்.

டாக்டர் சொன்னார்: "சொல்றது அவருக்குப் புரியும், முழுசா புரியுமான்னு சொல்ல முடியாது. பேச்சு வந்தாலும் வரும், வராமலும் போகும்." அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சாப்பிட்டீர்களா என்றால் ஆட்டினார். சாப்பிடவில்லையா என்றாலும் ஆட்டினார். வருகிறவர்கள் எல்லாரும், "நல்லா புரிஞ்சிக்கிறாரே" என்று சந்தோஷப்பட்டுப் போனார்கள்.

வீட்டுக்குக் கூட்டிப் போகிற அன்று எஸ்தர் கேட்டாள்: "எங்க சபையிலேருந்து சனிக்கெழம சனிக்கெழம கடலூருக்கு ஜெபத்துக்குப் போவாங்கடி. அப்பாவையும் பாக்கச் சொல்லட்டுமா?"

அம்மாவைக் கேட்டேன். "யாரு வேண்டிக்கினா இன்னா, நல்லதுதானே" என்றாள் அம்மா. சரி என்று சொன்னேன். பிழைகளை வரிசைப்படுத்துவது என் தொழில். இந்த விஷயத்தில் வரிசையில் முதலாவது இது. நாங்கள் மூவரும் பேசி முடிவெடுத்தபோது அப்பா எங்களுக்கு நடுவில் சக்கர நாற்காலியில் இருந்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

4

சாலமோன் பிரதர் நாற்பது வயதுக்காரர், மெல்லிய குரல். இரண்டு பேரோடு வருவார். வந்ததும் முதலில் கை கழுவிவிட்டு அப்பாவைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைப்பார். அம்மாவால் தனியாகத் தூக்க முடியாது. வாரம் முழுக்கப் படுக்கையில் கிடப்பவர் சனிக்கிழமை மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அதனால் சனிக்கிழமைக்கு அம்மா காத்திருந்தாள்.

முதல் வாரம் ஜெபம் மட்டும். இரண்டாம் வாரம் நெற்றியில் எண்ணெய். நாலாம் வாரம், கட்டிலுக்கு எதிரே இருந்த சாமி காலண்டரைக் கழற்றச் சொன்னார்கள். "ஐயா கண்ணு அதுலயே நிக்கிது, அதான் சுகம் தாமசமாவுது" என்றார்களாம். அம்மா கழற்றி பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். ஆறாம் வாரம், "ஐயா, ஏத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். அப்பா தலையாட்டினார். இவையெல்லாம் எனக்குத் தெரியாது. நான் விடுதியில் புராஜெக்ட் எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அப்பாவின் இடது கட்டைவிரலில் நீல மை.

"இன்னாம்மா இது?"

"பிரதர் ஒரு பேப்பர்ல வாங்கிக்கினு போனாரு."

"இன்னா பேப்பர்?"

அம்மா அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள்: "விரும்பித்தான் சேர்றாருன்னு எழுதியிருக்குதாம். நாளைக்கி யாராவது கேட்டா காட்றதுக்கு. அடுத்த மாசம் மொத சனிக்கெழம இங்கயே வச்சி ஞானஸ்நானம். அப்பா மண்டைய ஆட்டுனாருடி, நான் பக்கத்துலதான் இருந்தன்."

"அவரு எல்லாத்துக்கும்தாம்மா ஆட்டுறாரு."

"ஆட்டட்டும். வாரத்துக்கு ஒருக்கா அவரத் தூக்கி ஒக்கார வைக்க யாரு இருக்கா? நீ வர்றியா? ஒன் மாமன் வர்றானா? வந்தா காபி குடிச்சிட்டு நாயம் பேசிட்டுப் போறான்."

அந்தப் பேப்பரைக் காட்டச் சொன்னேன்.

நகல் ஒன்றை விட்டுப் போயிருந்தார்கள். தட்டச்சு செய்த அரைப் பக்கம். 'எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி, சுயநினைவுடன், முழு மனதுடன்.' அப்பா தன் வாழ்நாளில் ஆயிரக்கணக்கான தடவை எழுதிய வரி. கீழே அவருடைய ரேகை, கலங்கலாக, பாதி நழுவி. மற்றவர்கள் விரலைப் பிடித்துப் பழகிய மனிதர் தான் ரேகை வைத்து நான் பார்த்ததில்லை.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். சுவரோரப் படுக்கை விரிப்பில், அவர் இடது கை எட்டுகிற இடத்தில், நீலக் கறை நீளமாக இழுபட்டிருந்தது. திரும்பத் திரும்பத் தேய்த்திருக்கிறார். வேண்டாம் என்று தேய்த்தாரா, மை பிசுபிசுத்ததால் தேய்த்தாரா? "அப்பா, நீங்க விரும்பித்தான் வச்சீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். "புடிக்காம வச்சீங்களா?" தலையாட்டினார்.

5

மறுநாள் ரவி மாமா வந்தார். அம்மாவின் தம்பி. காகிதத்தைப் படித்ததும் அவர் முகம் சிவந்தது.

"ஆள் படுத்துட்டா எது வேணா பண்லாமா? நம்ம ஆளுங்ககிட்ட சொல்லிட்டன். வர்ற சனிக்கெழம வரட்டும் அவனுங்க, வாசல்லயே நிறுத்திக் கேக்கறன். ஸ்டேஷன்லயும் ஒரு புகார் குடுத்துடலாம்."

மாமாவுக்கு அப்போது ஊரில் ஓர் அமைப்பு இருந்தது, கொடி இருந்தது, பைக்கில் வர ஆட்கள் இருந்தார்கள். புகாரையும் அரை மணியில் எழுதிவிட்டார். கட்டிலருகில் குனிந்தார். "மாமா, கட்டாயப்படுத்திக் கைநாட்டு வாங்கனாங்கன்னு எழுதியிருக்கன். குடுத்துடலாமா?"

அப்பா தலையாட்டினார்.

"பாத்தியா, சரின்றாரு." மாமா எழுந்து, அலமாரியிலிருந்து அப்பாவின் சொந்த மைப்பெட்டியையே எடுத்து வந்தார். அப்பாவின் இடது கையைப் பிடித்தார். கட்டைவிரலில் நேற்றைய மை இன்னும் போகவில்லை.

நான் மைப்பெட்டியை மூடினேன்.

"இன்னாம்மா பண்ற?"

"நேத்து அவுங்க பண்ணதத்தான் மாமா நீங்களும் பண்றீங்க."

"அவனுங்களும் நானும் ஒண்ணா? நான் இந்த வூட்டு ஆளு."

"ஒரு வாரம் குடுங்க மாமா. அப்பாவையே கேட்டுச் சொல்றன்."

"பேச்சே இல்லாத ஆள எப்படிக் கேப்ப? கம்ப்யூட்டர்லயா?"

6

எங்கள் மகள் கயலுக்கு மூன்று வயது. போன மாதம் இங்கே ஜெர்மனியில் மழலையர் பள்ளியில் சேர்த்தோம். இந்த ஊரில் இடம் கிடைத்த ஒரே பள்ளியைச் சர்ச் நடத்துகிறது. ஒரு வாரத்தில் அவள் சாம்பார் சாதத்துக்கு முன்னால் கைகளைக் கோத்து, ஜெர்மனில் நாலு வரி சொல்லி, "ஆமென்" என்றாள். என் கணவர் செந்தில் என்னைப் பார்த்தார். நான் ஊறுகாய் பாட்டிலைப் பார்த்தேன். நான் ஜெர்மனில் தப்பாகச் சொன்னால் அவள் இப்போதே திருத்துகிறாள். தமிழில் தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு அவளுக்குத் தெரியவில்லை.

இந்த நாட்டில் எல்லாவற்றுக்கும் படிவம் உண்டு. நாங்கள் குடிவந்து முகவரியைப் பதியப் போனபோதே மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டேன். அலுவலர் படிவத்தைத் திருப்பித் தள்ளினார். சொல்ல விருப்பமில்லை என்றால் அதற்கு எனக்கு உரிமை உண்டு. ஆனால் காலியாக இருக்கக் கூடாது, குறுக்கே ஒரு கோடு போட வேண்டும், இல்லையென்றால் நான் மறந்துவிட்டேனா மறுத்தேனா என்று தெரியாது என்றார். கோடு போட்டேன்.

பள்ளியின் படிவத்தில் மூன்று கட்டங்கள். குழந்தை ஜெபத்தில் சேரலாம். உட்கார்ந்திருக்கலாம், சேர வேண்டியதில்லை. அந்த நேரத்தில் வேறு அறையில் விளையாடலாம். "எதைக் குறித்தாலும் அப்படியே செய்வோம். எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்" என்றார் ஆசிரியை. நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கயலிடம் கேட்டேன்.

"பாட்டு புடிக்கும்" என்றாள். கொஞ்சம் யோசித்து, "கண்ண மூடச் சொல்றாங்க. அது புடிக்கல. மூடுனா யாராவது என் ஆப்பிள எடுத்துருவாங்க" என்றாள்.

இரண்டாவது கட்டத்தைக் குறித்தேன். மூன்று வயதுக் குழந்தையின் காரணம்தான். இருந்தாலும் அவளுடைய காரணம்.

7

மாமா வந்துபோன அந்த ஞாயிறு இரவே விடுதிக்குத் திரும்பி எஸ்தரிடம் காகிதத்தைக் காட்டினேன். படித்தாள். மடித்து என்னிடமே கொடுத்தாள். பிறகு சொன்னாள்: "எங்க தாத்தா தானா போயி சேந்தவருடி. வூட்டுல சோறு போட மாட்டோம்னு சொன்னாங்க, அப்பயும் போனாரு. அவரு கைய யாரும் புடிச்சி மை தடவல."

"ஒன் மேல கோவம் இல்ல."

"எனக்கு இருக்குது" என்றாள்.

அப்பாவின் இடது கையில் பிடிமானம் நன்றாக இருக்கிறது என்று உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்தவர் முன்பே சொல்லியிருந்தார். அதிலிருந்து ஆரம்பித்தோம். ஒரு அழுத்து: ஆமாம். இரண்டு அழுத்து: இல்லை. கையை விரித்தால்: தெரியாது. பதில் நமக்குத் தெரிந்த இருபது கேள்விகள்; பத்துக்கு ஆமாம், பத்துக்கு இல்லை, கலந்து கலந்து. கேட்பவர் முகம் அவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தால் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிவிடலாம். ஒரே நாளில் முடிக்கக் கூடாது. கல்லூரியில் சோதனை எழுதுவது பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் அந்த ஒரு தாளில் எழுதினேன்.

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு கடலூர் போனேன். கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் இடது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இது சிதம்பரமா?"

தலை ஆடியது. கை இரண்டு முறை அழுத்தியது.

அடுத்தது கேட்டேன். "எம் பேரு செல்வியா?" தலை ஆடியது. கை ஒரு முறை அழுத்தியது, என் பெயர் அதுதான். எந்தக் கேள்வி கேட்டாலும் தலை ஒரே மாதிரி ஆடியது. அது அவர் பேச்சைக் கேட்காத தலை. கை மட்டும்தான் அவர் சொன்னதைக் கேட்டது.

திங்கட்கிழமை இருபதுக்குப் பதின்மூன்று. புதன்கிழமை பதினேழு. வெள்ளிக்கிழமை பத்தொன்பது. வெள்ளிக்கிழமை, தாளில் இல்லாத ஒன்றை விளையாட்டாகக் கேட்டேன். "அம்மா சமையல் நல்லா இருக்குதா?" இரண்டு அழுத்து. நான் அதை உரக்கச் சொன்னேன்.

"அப்படியா? நாளையிலேருந்து கஞ்சிதான்" என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். அப்பாவின் முகத்தில் பாதி சிரித்தது. விழுந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அம்மா வெளியே வந்து நின்றுகொண்டு, ரொம்ப நேரம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை சாலமோன் பிரதர் இரண்டு பேரோடு வந்தார். எஸ்தர் சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். ரவி மாமா உள்ளே இருந்தார், அவருடைய ஆட்கள் தெருமுனையில் பைக்கில் சாய்ந்து நின்றார்கள். நான் மூன்று நாள் முடிவுகள் எழுதிய தாளைப் பிரதரிடம் கொடுத்து விளக்கினேன்.

"நான் கேக்க மாட்டன். நீங்களே கையப் புடிச்சிக் கேளுங்க" என்றேன்.

அவர் வழக்கம்போல் கை கழுவிவிட்டு வந்து, தலைமாட்டில் உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்துக்கொண்டார். "ஐயா, நீங்க எங்களோட சேர விரும்புறீங்களா?"

தலை ஆடியது. பிரதர் தன் கையைப் பார்த்தார். மறுபடி கேட்டார், இன்னும் மெதுவாக: "ஐயா, ஞானஸ்நானம் எடுத்துக்க உங்களுக்கு விருப்பம் இருக்குதுங்களா?"

தலை ஆடியது. எங்கள் எல்லாருடைய கண்ணும் கைமேல் இருந்தது. இரண்டு முறை. இரண்டாவது அழுத்தில் பிரதரின் விரல்கள் வெளுத்தன.

"நான் அவர் தலையத்தான் பாத்தன் சிஸ்டர்" என்றார் பிரதர். பைபிள் உறையிலிருந்து அசல் காகிதத்தை எடுத்தார். அப்பாவின் கண்ணுக்கு நேரே பிடித்தார். "இதக் கிழிச்சிடட்டுங்களா?" ஒரு அழுத்து. நாலாகக் கிழித்து, துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இப்ப நவுருங்க" என்று ரவி மாமா வந்து உட்கார்ந்தார். "மாமா, இவங்க மேல புகார் குடுக்கலாமா?"

இரண்டு அழுத்து.

மாமா என்னைப் பார்த்துவிட்டு அப்பா பக்கம் குனிந்தார். "நல்லாப் புடிங்க மாமா. புகார். போலீசு."

இரண்டு அழுத்து.

"சரி, அத வுடுங்க. இவங்க இனிமே இந்த வூட்டுப் படி ஏறக் கூடாது. அதுக்காவது சரின்னு சொல்லுங்க."

இரண்டு அழுத்து. மாமா கையை விட்டுவிட்டு எழுந்தார். "பொண்ணு எழுதிக் குடுத்தத மனப்பாடம் பண்ணி வச்சிருக்காரு" என்றார்.

"அப்ப நீங்க கேட்டது அவ எழுதிக் குடுத்ததா அங்கிள்?" என்றாள் எஸ்தர். மாமா தெருமுனைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் பைக்குகள் கிளம்புகிற சத்தம் கேட்டது.

அம்மா காலண்டரை பீரோவுக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தாள். அவளும் கையைப் பிடித்துக் கேட்டாள்: "மாட்டட்டுமாங்க?" ஒரு அழுத்து. ஆணி இருந்த இடத்தை அவளுக்குச் சட்டென்று கண்டுபிடிக்க முடியவில்லை. பிரதர்தான் காட்டினார்.

அதற்குப் பிறகும் பிரதர் மூன்று சனிக்கிழமை வந்தார். பைபிள் கொண்டுவரவில்லை. அப்பாவைத் தூக்கி உட்காரவைத்துவிட்டு, அம்மா கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார். பிறகு அவரை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவருக்குப் பதில் வேறு யாரும் வரவில்லை. மாமாவும் வரவில்லை. அம்மா மாதச் சம்பளத்துக்கு ஓர் ஆளை வைத்தாள்.

8

மதம் மாறுவதைப் பற்றி நல்ல அபிப்பிராயம், கெட்ட அபிப்பிராயம் இரண்டையும் வலுவாக வைத்திருப்பவர்கள் எனக்கு உறவிலும் நட்பிலும் இருக்கிறார்கள். எஸ்தரின் தாத்தா மாறினார், அது அவர் உரிமை. என் அப்பா மாறவில்லை, அதுவும் அப்படியே. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. கேட்பதிலும் தப்பில்லை, போன சனிக்கிழமை அந்த இரண்டு பெண்களும் கேட்டார்கள், நான் சொன்னேன், போனார்கள். நான் யோசித்துக்கொண்டிருப்பது வேறு. கேட்கிறவர் மனதில் பதில் ஏற்கெனவே இருந்தால், அவர் எதைப் பார்த்துப் பதிலை எடுத்துக்கொள்வார்? சாலமோன் பிரதர் கெட்டவர் இல்லை. ரவி மாமாவும் அப்பாமேல் பாசம் இல்லாதவர் இல்லை. இரண்டு பேரும் தங்களுக்கு எது வேண்டுமோ அதைச் சொல்கிற உறுப்பைப் பார்த்தார்கள்.

அப்பா 2011இல் இறந்தார். செய்தி வந்து, விடுப்பு வாங்கி, விமானம் பிடித்து நான் கடலூர் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் நாள். கடைசி நாள் வரை அந்தக் கை வேலை செய்தது. காபியா டீயா, ஃபேன் வேகமா மெதுவா, யாரைப் பார்க்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டாம் எல்லாவற்றையும் அம்மா கையைப் பிடித்துத்தான் கேட்டாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவை இருக்கும். தொலைபேசியில் என்னிடம், "பேச்சு இருந்தப்ப இவ்ளோ பேசிக்கில நாங்க" என்று ஒரு முறை சொன்னாள்.

2009 புரட்டாசியில் நான் இங்கே கிளம்பினேன். செந்திலுக்கு முன்பே வேலை உறுதியாகியிருந்தது, எனக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள், கயல் வயிற்றில் நாலு மாதம். பெட்டியில் வைக்க வேண்டியவற்றுக்கு நாற்பத்தொரு வரிப் பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு முடித்திருந்தேன். மீனம்பாக்கம் போகிற வண்டிக்குச் சொல்லியிருந்தது. அப்பாவை ஜன்னலோரம் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். இடது கை மடிமேல், உள்ளங்கை மேலே பார்க்க, திறந்து கிடந்தது.

நான் அறை வாசலில் நின்றேன். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் பாஸ்போர்ட் பை.

"அப்பா, நான் போவட்டுமா?"

அவர் என்னைப் பார்த்தார். தலையாட்டினார்.

"கையப் புடிச்சிக் கேளேன்டி" என்றாள் அம்மா.

"நேரமாயிடுச்சிம்மா, வண்டி வந்துடும்" என்றேன்.

வண்டி வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.